தம்போய் என்றால் ஏன் சிரிக்கிறார்கள்? மனம் திறக்கும் அறையின் வரலாறு

ஜொகூர் பாருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தம்போய் என்ற சொல்லின் இரண்டு பொருளும் தெரியும். ஒன்று, வீடுகளும் கடைகளும் தொழிற்கூடங்களும் நிறைந்த சாதாரண வட்டாரம். இன்னொன்று, கேலி. பள்ளியில் ஒரு பையன் தனக்குத்தானே பேசிக்கொண்டால், வீட்டில் ஒரு பெண் காரணம் சொல்லாமல் அழுதால், "தம்போய்க்கு அனுப்ப வேண்டியதுதான்" என்று ஒருவர் சொல்வார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். பேராக் மாநிலத்தில் இதே கேலிக்குத் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று பெயர். ஊர்தான் வேறு, சிரிப்பு ஒன்றுதான்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு விலை உண்டு. அதைக் கேட்டவர் அதற்குப் பிறகு வாயைத் திறக்க மாட்டார். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று எல்லாவற்றையும் உள்ளே பூட்டிவைத்துக்கொள்வார். மனநோய்க்கு இன்று மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், ஆலோசகர் இருக்கிறார். இருந்தும், முதல் வார்த்தையைச் சொல்வதற்கே பலருக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன.

ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் மனம் விட்டுப் பேசுவதே மருந்தாகும் என்ற எண்ணம் எப்போது பிறந்தது? அது ஜொகூருக்கு எப்படி வந்தது? வந்த பிறகும் ஏன் நம் மக்கள் பலருக்கு எட்டவில்லை? இந்த மூன்று கேள்விகளுக்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது.

சுவர்கள் எழுந்த காலம்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மனநோயாளிகளுக்கென முதலில் எழுந்தவை சுவர்கள். சிங்கப்பூரில் 1841-இல் ஒரு மனநோயாளர் விடுதி கட்டப்பட்டது. 1911-இல் பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1928-இல் சிங்கப்பூர் இயோ சூ காங்கில் இன்னொன்று. 1937-இல் ஜொகூர், தம்போயில் தனக்கென ஒன்றைக் கட்டிக்கொண்டது. அதுதான் இன்றைய பெர்மாய் மருத்துவமனை.

இவை எல்லாம் அந்தக் காலத்து எண்ணப்படி ஊருக்கு வெளியே, மரங்கள் சூழ்ந்த பெரிய நிலப்பரப்பில் அமைந்தன. நோயாளிக்குக் காற்று வேண்டும், அமைதி வேண்டும், செய்வதற்குச் சிறு வேலை வேண்டும் என்பது அதன் நல்ல பக்கம். ஊரின் கண்ணில் படக்கூடாது என்பது அதன் மறுபக்கம்.

உள்ளே இருந்தவர்களோடு பேசியது யார்? இங்கேதான் சிக்கல். காலனி ஆட்சிக் காலத்து மருத்துவர் ஆங்கிலம் பேசுபவர். நோயாளிகளோ மலாய்க்காரர்கள், பல வட்டார மொழிகள் பேசும் சீனர்கள், தமிழர்கள், தெலுங்கர்கள், மலையாளிகள். ஒருவர் தன் துயரத்தைச் சொன்னால், அது இடையில் இருக்கும் பணியாளர் வாய்வழியாக நான்கு சொல்லாகச் சுருங்கித்தான் மருத்துவரின் குறிப்பேட்டுக்குப் போகும். மொழி இல்லாத இடத்தில் கண் மட்டுமே வேலை செய்யும். எனவே மருத்துவர் பார்த்தார், எழுதினார், வகைப்படுத்தினார்.

சிங்கப்பூர் மனநோய் விடுதிக்குப் பொறுப்பாளராக இருந்த கில்மோர் எல்லிஸ் 1893-இல் 'அமோக்' பற்றியும் 1897-இல் 'லாத்தா' பற்றியும் இங்கிலாந்து மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். உலகமே படித்த கட்டுரைகள் அவை. இந்த வட்டாரத்து மனிதரின் மனம் அங்கே ஒரு வியப்புப் பொருளாக இடம்பெற்றது. தன் கதையைத் தானே சொல்லும் ஆளாக அவர் இன்னும் இடம்பெறவில்லை.

இது மலாயாவின் குறை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். இன்றைய மனநோய் வகைப்பாட்டின் தந்தை என்று போற்றப்படும் ஜெர்மானியர் எமில் கிரெப்லின் 1886 முதல் 1891 வரை டோர்பாட் நகரில் பணியாற்றினார். இன்று அது எஸ்தோனியா நாட்டின் தார்த்து. அங்கே அவருடைய நோயாளிகளில் பெரும்பாலோர் பேசிய மொழி அவருக்குத் தெரியாது. பேச்சை நம்ப முடியாததால் நடத்தையையும் நோயின் போக்கையும் கூர்ந்து கவனித்துக் குறித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அந்தக் கூர்மையால் மருத்துவ உலகம் பெற்றது அதிகம். இழந்ததும் உண்டு. நோயாளி என்ன சொல்கிறார் என்பது இரண்டாம் இடத்துக்குப் போனது.

புகைபோக்கியைத் துடைத்த பெண்

பேச்சே மருந்து என்ற எண்ணத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பலரும் சிக்மண்ட் பிராய்டு என்பார்கள். உண்மையில் அந்தப் பெருமையில் பெரும்பங்கு ஒரு நோயாளிக்கு உரியது.

வியன்னாவில் 1880-இல் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற 21 வயதுப் பெண், நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்து வந்தாள். அவளுக்குக் கை கால் மரத்துப்போவதும், தாய்மொழியே வாயில் வராமல் போவதுமாக விசித்திரமான குறிகள் தோன்றின. ஜோசப் புரோயர் என்ற மருத்துவர் தினமும் வந்து, அவள் சொல்வதை உட்கார்ந்து கேட்டார். பேசப் பேச அவளுக்குப் பாரம் குறைந்தது. அந்தச் சிகிச்சைக்கு அவளே பெயர் வைத்தாள்: 'பேச்சு வைத்தியம்'. விளையாட்டாக 'புகைபோக்கி துடைப்பது' என்றும் சொன்னாள். அடுப்புப் புகை படிந்து அடைத்த குழாயைச் சுத்தம் செய்வது போல மனத்தைச் சுத்தம் செய்வது.

1895-இல் புரோயரும் பிராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூலில் இவள் 'அன்னா ஓ' என்ற புனைபெயரில் வருகிறாள். நூலைப் படித்தால் முழுக் குணம் அடைந்துவிட்டாள் என்றே தோன்றும். உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. 1882-இல் புரோயர் சிகிச்சையை நிறுத்திய பிறகும் அவள் விடுதிகளில் தங்கி வைத்தியம் பெற வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் கழித்து அதே பெண் ஜெர்மனியில் சமூகத் தொண்டராக எழுந்து நின்றார். 1904-இல் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார். 1954-இல் ஜெர்மனி அவர் படத்தோடு தபால் தலை வெளியிட்டது.

இந்தக் கதையில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. ஒருவர் தினமும் வந்து அக்கறையோடு கேட்டால், கேட்பவர் மீது பற்று வளரும், எதிர்பார்ப்பு வளரும், சில நேரம் கோபமும் வளரும். இதை என்ன செய்வது என்று முதல் தலைமுறை மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. பிராய்டுதான் இதற்கு விளக்கம் தேடினார். 1900-இல் 'டோரா' என்று அவர் பெயரிட்ட இளம்பெண் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போய்விட்டாள். ஏன் போனாள் என்று யோசித்தவர், 1905-இல் அந்த வரலாற்றை வெளியிட்டபோது ஒன்றைச் சொன்னார். அப்பாவிடம், அண்ணனிடம், முன்னால் காயப்படுத்தியவரிடம் வைத்திருந்த பழைய உணர்ச்சியை நோயாளி தன்னை அறியாமல் மருத்துவர் மேல் ஏற்றிவிடுகிறார் என்றார். அதைத் தமிழில் 'உணர்வு மாற்றம்' எனலாம்.

முதலில் இது ஒரு தொல்லையாகப் பட்டது. பிறகு இதுவே சிகிச்சையின் இதயம் என்று புரிந்தது. பழைய காயம் வெறும் கதையாக இல்லாமல், இந்த அறையில், இந்த நிமிடத்தில், இந்த இருவருக்கு நடுவே உயிரோடு வந்து நிற்கிறது. முன்பு அழுதபோது அடி விழுந்தது. இப்போது அழும்போது எதிரில் இருப்பவர் அமைதியாக இருக்கிறார். 1946-இல் பிரான்ஸ் அலெக்சாண்டர் என்ற மருத்துவர் இதற்கு 'திருத்தும் உணர்ச்சி அனுபவம்' என்று பெயர் கொடுத்தார். பழைய கோணலை நிமிர்த்துவது அறிவுரையால் முடியாது, புதிய அனுபவத்தால்தான் முடியும் என்பது அவர் வாதம்.

ஆசியாவுக்கு வந்தபோது

இந்த எண்ணம் ஆசியாவுக்குக் கப்பலேறி வர அதிக நாள் ஆகவில்லை. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். பிராய்டோடு பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1931-இல் பிராய்டின் 75-ஆம் பிறந்த நாளுக்கு அந்தச் சங்கம் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலையைப் பரிசாக அனுப்பியது.

ஆனால் வியன்னாவின் அறை இங்கே அப்படியே பொருந்தவில்லை. அங்கே ஒரு சோபா, ஒரு நோயாளி, ஒரு மருத்துவர். இங்கே ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் குடும்பமே கூட வரும். இதைத் தடையாகப் பார்க்காமல் துணையாகப் பார்த்தவர்கள் இந்தியாவில் இருந்தார்கள். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினர்களை மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957 முதல் குடும்பத்தாரை நோயாளியோடு தங்கச் செய்யும் வழியில் நடந்தது.

இன்னொரு வேறுபாட்டை மனநல மருத்துவர் ஜே. எஸ். நேக்கி 1973-இல் எடுத்துக் காட்டினார். மேற்கில் சிகிச்சையாளர் ஒரு சமமான ஆள், விலகி நின்று கேட்பவர். இந்திய நோயாளியோ அவரைக் குருவாக நினைத்து வருகிறார், வழிகாட்டச் சொல்கிறார், சார்ந்து நிற்கிறார். இதைக் குறை என்று ஒதுக்காமல், குரு-சீடர் உறவையே சிகிச்சையின் முன்மாதிரியாகக் கொள்ளலாமே என்று நேக்கி கேட்டார்.

ஜொகூர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதாக இராது. மனம் கலங்கினால் அவர்கள் போனது கோயிலுக்கு. சாமியாடியிடம் குறி கேட்டார்கள். அங்கே ஒருவர் பெயர் சொல்லி அழைத்து, "உன் மனசுல ஒரு பாரம் இருக்கு" என்று தமிழில் சொன்னார். அது நோயைத் தீர்த்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் பாரம் இருப்பதை ஒருவர் ஊரறிய ஒப்புக்கொண்டார். தோட்ட மருந்தகத்தின் டிரஸ்ஸரிடம் காய்ச்சலுக்கும் காயத்துக்கும்தான் மருந்து கிடைத்தது. மனத்துக்குக் கோயில் வாசல்தான் இருந்தது.

ஆறாத காயம்: 1941-45

தம்போய் மருத்துவமனை திறந்து நான்கே ஆண்டுகளில் போர் வந்தது. 1941 நவம்பரில் ஆஸ்திரேலியப் படையின் 2/13-ஆவது பொது மருத்துவமனை சிங்கப்பூரிலிருந்து தம்போய்க் கட்டடங்களுக்கு மாறிவந்தது. டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். தம்போய்க் கூடங்களில் காயம்பட்ட போர்வீரர்கள் படுத்திருந்தார்கள். 1942 ஜனவரியில் அந்த மருத்துவமனை மீண்டும் சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. அதில் பணியாற்றிய தாதி விவியன் புல்விங்கல், பிப்ரவரியில் தப்பியோடிய கப்பல் மூழ்கி, பங்கா தீவின் கரையில் 21 தாதியர் சுட்டுக் கொல்லப்பட்டபோது குண்டு பாய்ந்தும் உயிர் தப்பிய ஒரே தாதி.

அதே ஆண்டில் தமிழர்களின் துயரம் தொடங்கியது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தொழிலாளர்கள் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது எத்தனையோ குடும்பங்களில் ஆண்களே இல்லை. திரும்பி வந்தவர்கள் மீண்டும் லயத்து வீட்டுக்கும் பால் மரத்துக்கும் போனார்கள்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது தெரியுமா? பர்மிங்ஹாம் அருகே நார்த்பீல்டு ராணுவ மருத்துவமனையில், போரில் மனம் உடைந்த வீரர்களை வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். பியோன், பௌக்ஸ் போன்ற மருத்துவர்கள் அங்கே செய்த சோதனைகளிலிருந்துதான் குழுச் சிகிச்சை என்ற துறை வளர்ந்தது. ஒரே போர், ஒரே பேரரசு. ஒருவனைப் பேசச் சொன்னார்கள். இன்னொருவனை மறுநாள் காலை பெரட்டுக்கு வரச் சொன்னார்கள்.

அந்தப் பேசாத பேச்சு எங்கே போனது? குடியில் போனது, வீட்டுச் சண்டையில் போனது, பிள்ளைகள் முன் சொல்லாத மௌனத்தில் போனது. பல பத்தாண்டுகள் கழித்து ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற நாவல்கள் வந்தபோதுதான் அந்தக் கதை தமிழில் சத்தமாகச் சொல்லப்பட்டது. மருத்துவர் கேட்காததை எழுத்தாளர் கேட்டு எழுதினார்.

'நோயாளி' போய் 'வாடிக்கையாளர்' வந்தார்

போருக்குப் பின் மருத்துவத்தில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று மாத்திரை. 1952-இல் பாரிசில் குளோர்புரோமசின் என்ற மருந்து கடும் மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியது. உலகெங்கும் மனநோய் விடுதிகளின் கூச்சலும் கட்டுகளும் குறைந்தன. மனச்சிதைவு போன்ற கடும் நோய்க்கு மருந்து இன்றும் இன்றியமையாதது. பேச்சு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது.

இன்னொரு மாற்றம் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் கொண்டுவந்தது. 1942-இல் வந்த அவர் நூல், உதவி நாடி வருபவரை 'நோயாளி' என்று அழைக்காமல் வாடிக்கையாளர் என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தது. சின்ன மாற்றம் போலத் தோன்றும். ஆனால் நோயாளி சிகிச்சையை வாங்கிக்கொள்பவர், வாடிக்கையாளர் தானே தேடி வருபவர். மலாயில் இன்று ஆலோசகர்கள் பயன்படுத்தும் 'கிளியென்' என்ற சொல் அந்த வழி வந்ததே.

1957-இல் ரோஜர்ஸ் ஒரு துணிச்சலான கருத்தை வெளியிட்டார். ஒருவர் மாறுவதற்குக் கேட்பவரிடம் மூன்று குணங்கள் வேண்டும் என்றார். வேஷம் போடாத உண்மை, நிபந்தனை இல்லாத மதிப்பு, எதிரில் இருப்பவரின் நிலையில் நின்று உணரும் பரிவு. எந்தக் கோட்பாட்டைப் படித்தீர்கள் என்பதை விட எப்படிப்பட்ட ஆளாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது முக்கியம் என்றார்.

இது வெறும் நல்லெண்ணமா, உண்மையா? ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். 1979-இல் எட்வர்ட் போர்டின் இந்த உறவை மூன்றாகப் பிரித்தார். எதை அடைய வேண்டும் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, அதற்கு என்ன செய்வது என்பதில் உடன்பாடு, இருவருக்கும் நடுவே நம்பிக்கை. 2018-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 295 ஆய்வுகளை, 30,000-க்கு மேற்பட்டவர்களை எடுத்துப் பார்த்தது. உறவு நன்றாக அமைந்தால் பலனும் நன்றாக அமைகிறது என்பது சிகிச்சை முறை எதுவானாலும், நாடு எதுவானாலும் தெரிந்தது. உறவே எல்லாம் என்று அந்த எண்கள் சொல்லவில்லை. உறவும் பலனும் சேர்ந்தே வருகின்றன என்றே காட்டுகின்றன.

ஜொகூரில் ஆலோசகர்

மலேசியாவில் ஆலோசனைத் துறை மருத்துவமனையை விடப் பள்ளிக்கூடத்தின் வழியாகவே அதிகம் வளர்ந்தது. 1960களில் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர் என்ற எண்ணம் வந்தது. 1983-இல் அரசாங்கம் போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரியாக அறிவித்தபோது ஆலோசகர்களின் தேவை கூடியது. இதனால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் விளைந்தன. ஆலோசகர் என்றால் யார் என்று மக்களுக்குத் தெரிந்தது. ஆனால் தப்பு செய்தவனைத்தான் ஆலோசகரிடம் அனுப்புவார்கள் என்ற எண்ணமும் கூடவே பதிந்தது. கட்டொழுங்கு அறையும் ஆலோசனை அறையும் ஒன்று என்று நினைக்கும் மாணவன் அங்கே மனம் திறப்பானா?

1979-இல் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கியது. ஜொகூரில், தம்போயிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வழிகாட்டல், ஆலோசனைத் துறையில் ஆசிரியர்களையும் பட்டதாரிகளையும் உருவாக்கி வந்தது. 1998-இல் ஆலோசகர் சட்டம், அதாவது சட்டம் 580, நிறைவேறியது. பதிவு பெறாதவர் தன்னை ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தது. 2001-இன் மனநலச் சட்டம் 2010-இல் நடப்புக்கு வந்து, 1952-ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்தை மாற்றியது.

மருத்துவமனைகளின் பெயர்களும் மாறின. தஞ்சோங் ரம்புத்தான் 'பஹாகியா' ஆனது, அதாவது மகிழ்ச்சி. தம்போய் 'பெர்மாய்' ஆனது, அதாவது அழகு. சரவாக்கில் 'செந்தோசா', அமைதி. சபாவில் 'மெஸ்ரா', நேசம். பெயர் வைத்தவர்கள் நல்ல மனத்தோடுதான் வைத்தார்கள். மக்கள் நாக்கு மட்டும் இன்னும் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

சட்டமே ஒரு தடையாக நின்றதும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவு காலனி ஆட்சியில் வந்தது. உயிரை விடத் தோன்றுகிறது என்று ஒருவர் நம்பிச் சொல்ல நினைக்கும்போதெல்லாம், போலீசும் நீதிமன்றமும் நினைவுக்கு வரும். 2023-இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. இந்தியர்களிடையே தற்கொலை விகிதம் மற்ற இனத்தாரை விட அதிகம் என்று டாக்டர் டி. மணியம் போன்ற மனநல மருத்துவர்கள் 1980களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதி எச்சரித்திருந்தார்கள் என்பதை நினைத்தால், அந்தச் சட்ட மாற்றம் நம் சமுதாயத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். 2023-இன் தேசியச் சுகாதார ஆய்வின்படி 15 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 4.6 விழுக்காட்டினர், ஏறக்குறைய 10 லட்சம் பேர், மனச்சோர்வு நோயோடு வாழ்கிறார்கள்.

அறைக்குள் என்ன நடக்கிறது?

ஆலோசகரிடம் போனால் அறிவுரை கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அறிவுரைக்கா நம் ஊரில் பஞ்சம்? மாமா சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். அந்த அறையில் நடப்பது வேறு.

முதல் சில சந்திப்புகளில் சுமை இறங்கியது போல இருக்கும். பிறகு ஒரு நாள் வருபவருக்குக் காரணமில்லாமல் கோபம் வரும். "இவருக்கு என்ன தெரியும், சம்பளத்துக்குக் கேட்கிறார்" என்று தோன்றும். போகாமல் நின்றுவிடலாம் என்று இருக்கும். பிராய்டு கண்ட பழைய உணர்ச்சி தலைகாட்டும் நேரம் இது. அந்தக் கோபத்தையே அறைக்குள் கொண்டுவந்து, "போன வாரம் நீங்கள் சொன்னது என்னைக் காயப்படுத்தியது" என்று சொல்ல முடிந்தால் அது பெரிய படி. நல்ல ஆலோசகர் அதைக் கேட்டுச் சினப்பட மாட்டார், தன் தவறு இருந்தால் ஒப்புக்கொள்வார். ஓர் உறவு விரிசல் விட்டாலும் ஒட்ட முடியும் என்பதைச் சிலர் வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கேதான் பார்க்கிறார்கள்.

ஆலோசகருக்கும் உணர்ச்சி உண்டு. வருபவர் அழும்போது அவர் கண்ணும் கலங்கலாம், சிலரிடம் எரிச்சலும் வரலாம். முதலில் இதை மறைக்க வேண்டிய குறை என்றார்கள். 1950-இல் பவுலா ஹைமன் என்ற பெண் மருத்துவர், அந்த உணர்ச்சியே வருபவரைப் புரிந்துகொள்ளும் கருவியாகலாம் என்று எழுதினார். அதனால்தான் பயிற்சி பெற்ற ஆலோசகர், தன் பணியைப் பற்றி இன்னொரு மூத்த ஆலோசகரிடம் பேசித் தெளிகிறார்.

இவ்வளவு நெருக்கமான உறவுக்கு வேலியும் வேண்டும். ஆலோசகர் நண்பராக மாட்டார், கடன் கொடுக்கவோ வாங்கவோ மாட்டார், காதல் பேச மாட்டார். அறையில் கேட்டது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில் விதிவிலக்கு உண்டு. அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இந்த வேலியைத் தாண்டுபவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் எழுந்து வந்துவிடுவதே நல்லது.

எந்த மொழியில் அழுவது?

இனி மூன்றாவது கேள்வி: ஏன் பலருக்கு எட்டவில்லை? வெட்கம் ஒரு காரணம். செலவு ஒரு காரணம். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் மொழி. கிரெப்லினுக்கு டோர்பாட்டில் இருந்த சிக்கல் ஜொகூரில் இன்னும் முழுதாகத் தீரவில்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் வேலை பார்க்கிற, பாடம் படிக்கிற தமிழருக்கும், அம்மாவின் சாவைப் பற்றியோ அப்பாவின் அடியைப் பற்றியோ பேசும்போது வருவது தமிழ்தான். "நெஞ்சு அடைக்குது", "மனசு கனக்குது", "எதுவுமே புடிக்கல" என்பவற்றை வேறு மொழியில் சொன்னால் பொருள் வரும், கனம் வராது.

இதற்கு ஒரு வழியை இலங்கைத் தமிழர்கள் போரின் நடுவிலேயே காட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் 1980களில் தொடங்கிய 'சாந்திகம்' நிலையம் போரால் மனம் உடைந்தவர்களோடு தமிழில் பேசத் தமிழர்களையே பயிற்றுவித்தது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1993-இல் 'மனவடு' என்ற நூலைத் தமிழிலேயே எழுதினார். ஆசிரியர்களும் கிராமத் தொண்டர்களும் கற்றார்கள். அங்கே ஆலோசகருக்கு வழங்கும் பெயர் 'உளவளத்துணையாளர்'. அந்தச் சொல்லில் அறிவுரை இல்லை, துணை இருக்கிறது. வியன்னாவிலிருந்து நூறு ஆண்டுகளாக ஆய்வாளர்கள் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த உண்மையை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

ஜொகூரில் தமிழ் பேசும் ஆலோசகர்கள் உண்டு, போதாது. உளவியல் படிக்க விரும்பும் பிள்ளையை "அதைப் படிச்சு என்ன செய்யப் போற?" என்று கேட்டு அனுப்பாத பெற்றோரும் இதற்குக் காரணம். மருத்துவமும் பொறியியலும் படித்த பிள்ளைகள் நம்மிடம் நிறைய. நம் மொழியில் கேட்கத் தெரிந்த பிள்ளைகள் இன்னும் பலர் வேண்டும்.

உதவி தேடுபவர்கள் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். அங்கிருந்து தேவையானால் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய மனநல உதவி எண் 15555. தனியாரிடம் போனால் பதிவு பெற்றவரா என்று கேட்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. தமிழில் பேசலாமா என்றும் கேட்கலாம். முதல் ஆலோசகரோடு மனம் ஒட்டவில்லை என்றால் இன்னொருவரைத் தேடுவதில் தவறில்லை. உறவு பொருந்தினால் பலனும் நன்றாக அமைகிறது என்று ஆய்வு செய்தவர்களே ஒப்புக்கொள்ளும்போது, பொருந்தாத உறவில் ஏன் காலம் கழிக்க வேண்டும்?

அடுத்த முறை வீட்டில் யாராவது 'தம்போய்' என்று சொல்லிச் சிரித்தால், அதே அறையில் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகத்தைப் பெரியவர்கள் பார்க்க வேண்டும். அவரிடம் பிறகு தனியாகப் போய், "என்னம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பேச்சு மெல்ல வரும்.